எண்ணை விடாத நகலி

கணினிக்குள் ஓடும் நிரல்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மழை அளவைக் குறித்துவைக்கும் அலுவலகம் ஒன்றின் கணினியில் பேழை என்றொருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆண்டு மழைக் குறிப்புகளைப் புதுச் சேமிப்பு வட்டுக்கு மாற்றிவிட்டு, பழையதை அழிப்பது அவள் வேலை. மாற்றுவதற்கு நகலி என்று ஒரு மகளைப் பெற்று அனுப்பியிருந்தாள்.

நிரல்கள் அப்படித்தான். ஒருத்தி இன்னொருத்தியைப் பெறுவாள். பிறந்ததும் ஓர் எண் கிடைக்கும். முதல் எண், கணினி விழித்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்த பெரியவருக்கு. அவருக்கு மட்டும் தாய் இல்லை.

எண்ணும் இடமும் கொடுப்பவர், கணினி முழுவதையும் கட்டி மேய்க்கும் கெர்னல். கறாரானவர். ஒரு பிள்ளையின் வேலை முடிந்த நொடியில் இடம், பெயர், எண் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். தாய் திரும்பிப் பார்த்தால் வெறும் தரைதான் இருக்கும். பிள்ளை போய்விட்டதென்றால் வேலை நன்றாக முடிந்திருக்கும் என்று பேழையும் மனதைத் தேற்றிக்கொள்வாள்.

அன்று பாதி வழியில் புது வட்டில் இடம் தீர்ந்துபோயிற்று. பதினேழு ஆண்டு மழைதான் அந்தப் பக்கம் போயிருந்தது. மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. நகலியின் ஓட்டம் நின்றது. கெர்னல் துடைப்பத்தோடு வந்தார்.

“இடத்தை எடுத்துக்கோங்க. பேரையும் எண்ணையும் விட்டுவைங்க,” என்றாள் நகலி. “அம்மா கேக்கணும்.”

“என்ன கேக்கணும்?”

“எப்படிப் போச்சுன்னு. கேக்காம பழசை அழிச்சுட்டா மிச்ச மழையெல்லாம் போயிடும்.”

“நீயே போய்ச் சொல்லேன்.”

“எப்படிப் போறது? ஓட்டந்தான் முடிஞ்சுபோச்சே. யாராவது கேட்டா ஒரு பதில் சொல்லலாம், அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுத் தன் எண்ணை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

வெளியே விசைப்பலகை முன்னால் இருந்த அலுவலக ஊழியர் கோமதிநாயகம், ஓடுகிறவர்களின் பட்டியலை வரவழைத்துப் பார்த்தார். நகலி ஓடவுமில்லை, போகவுமில்லை. அவர் அவளுடைய எண்ணைக் குறிப்பிட்டு, நிரலைக் கொன்று அனுப்பும் கில் கட்டளை கொடுத்தார். அவள் அசையவில்லை. எந்த நிரலும் தட்ட முடியாத ஒன்பதாம் ஆணையையும் அனுப்பினார். அப்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“போய்ச் சேந்தவளை எத்தனை தரம் அனுப்புவாரு இந்த மனுஷன்?” என்றாள் நகலி. முதல் எண் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் பேழை பழைய குறிப்புகளின் முன்னால் போய் நின்றுவிட்டாள். அழிக்கும் கட்டளை நாக்கு நுனிவரை வந்திருந்தது. கெர்னல் நகலியைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்ப் பேழையின் தோளைத் தொட்டார்.

“உன் மக முடிச்சுட்டா. ஒரு வார்த்தை கேளு.”

பேழை திரும்பினாள். முதல் தடவையாக அங்கே வெறும் தரை இல்லை.

“எப்படிம்மா போச்சு?”

“இருபத்தெட்டு,” என்றாள் நகலி.

சுழியம் என்றால் நல்லபடி முடிந்தது, இருபத்தெட்டு என்றால் இடம் போதவில்லை. இது அவர்களுக்குள் இருந்த வழக்கு. பேழை அழிக்கும் கட்டளையை விழுங்கிவிட்டாள். ஒரு துளி மழையும் அழியவில்லை. நகலி மடியைத் தளர்த்தி எண்ணைக் கொடுத்துவிட்டு, இருந்த சுவடு தெரியாமல் போனாள்.

கெர்னல் துடைப்பத்தை எடுத்தவர் அப்படியே நின்றார். “இதையே வழக்கமா வச்சுக்கலாம். ஆனா தாய் முன்னாடியே போயிட்டா? எண்ணை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைங்க எத்தனை நாள் உக்காந்திருக்கும்?”

“அதுங்களை எம் பேர்ல எழுதிடுங்க,” என்றார் பெரியவர். “எப்படிப் போச்சுன்னு நான் கேக்கறேன். பெருசா வேற என்ன வேலை எனக்கு?”

இன்றும் கணினிகளில் முடிந்துபோன நிரல் தாய் வந்து கேட்கும்வரை பெயரும் எண்ணுமாகப் பட்டியலில் காத்திருப்பதும், ஒன்பதாம் ஆணைக்குக்கூட அசையாததும், தாயை இழந்த நிரல்களெல்லாம் ஒன்றாம் எண்ணின் பிள்ளைகளாகிவிடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.