பின்சக்கரத்தின் மேல் ஒரு சந்தேகம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதிலேயே சீடருக்கு முதல் சந்தேகம் வந்துவிட்டது.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு இரும்பை உருக்கி வார்ப்படம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். ஒவ்வொரு வார்ப்பையும் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே அனுப்புவார். முப்பது வருடப் பழக்கம். நாளடைவில் மனிதர்களையும் அப்படித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தட்டித் தட்டி, நல்ல வார்ப்பிலும் விரிசல் கேட்கிற காது அவருக்கு வாய்த்துவிட்டது.

குருவின் பெயர் ஜெசிந்தா. பத்து வருடம் கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். இப்போது நகரத்துக்குத் தெற்கே ஒரு பழைய பந்தயத் தடத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலுக்கு இரண்டாவது வார்த்தையைச் செலவழிக்க மாட்டார்.

பொன்னுரங்கத்திடம் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். என்ஜினின் பலம் முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகும். முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் தள்ளும். காய்ந்த ரோட்டில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஈர ரோட்டில் அதன் பின்பக்கத்துக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் வந்துவிடும்.

ஆனி மாதச் சாரலில், சிறுவாணி ரோட்டு வளைவு ஒன்றில் அது நடந்தது. பின்பக்கம் விலகி, வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி வயலோரம் போய் நின்றது. பக்கத்தில் மகள் மிருதுளா இருந்தாள். பத்தொன்பது வயது. பெல்ட் இழுத்த இழுப்பில் அவளுடைய இடது தோளின் காறை எலும்பு முறிந்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா ஓட்டும் எந்த வண்டியிலும் அவள் ஏறவில்லை. கல்லூரிக்கு பஸ்ஸில் போனாள். கோவிலுக்குப் போனால் அம்மாவின் ஸ்கூட்டரில் போனாள். கேட்டால், "இருக்கட்டுங்ப்பா" என்பாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பொன்னுரங்கம் தாங்கியிருப்பார். அந்த மரியாதை அவரை அரித்தது. மகள் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

யாரால் வந்தது இது என்று அவர் ஐந்து மாதம் தேடினார். டயர் விற்றவன், ரோடு போட்டவன், சர்வீஸ் செய்த மெக்கானிக், வண்டி வாங்கிய அன்று "நல்லா இருக்குதுங் மாப்ள" என்று சொன்ன மச்சான் என்று வரிசையாக எல்லோரையும் தட்டிப் பார்த்தார். வழுக்கினால் தானே சமாளித்துக்கொள்ளும் கருவி ஒன்று அந்த வண்டியில் உண்டு. கடைசியில் அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, கார் கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார்.

அப்படியும் மகள் ஏறவில்லை. அதனால்தான் குருவிடம் வந்தார்.

முதல் நாள், தடத்தில் வேலை செய்யும் மாரப்பன் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து வட்டமான தரையை நனைத்தார். குரு பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வேலையாகக் கருவியின் பட்டனை அணைக்கச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"அது காப்பாத்திட்டே இருந்தா, உங்க கால் என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியாது சார். இங்க மட்டும்தான் அணைக்கறோம். ரோட்டுல ஒருநாளும் தொடக்கூடாது."

பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடம் சின்னதுதான். வட்டத்தில் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஆக்ஸிலேட்டரில் கால் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பின்பக்கம் விலகினால், போக வேண்டிய பக்கம் பார்க்க வேண்டும், கை பார்வைக்குப் பின்னால் தானே வரும். காலைக் கொஞ்சம் தளர்த்தலாம். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பாரம் எல்லாம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும், அப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது.

பொன்னுரங்கம் அன்று ஏழு தடவை சுற்றினார். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை. பின்பக்கம் ஒரு விரற்கடை நகரும். அவருக்குள் ஒரு குரல், இது ஏமாற்றப் போகிறது என்று சொல்லும். கால் துள்ளி மேலே வந்துவிடும்.

அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. லாரித் தண்ணீரில் சோப்பு கலந்திருக்கிறதா என்று கேட்டார். குரு இறங்கிப் போய், லாரிக் குழாயில் ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் டயரில் காற்று குறைவு என்றார். குரு காற்று அளக்கும் கருவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். நான்கும் சரியாக இருந்தன. அந்தக் கருவி சரிதானா என்ற எண்ணத்தோடு அன்று ஐந்து தடவை சுற்றினார்.

வண்டியை அவர் தடத்திலேயே விட்டுவிட்டுப் போவார். வீட்டில் நிறுத்த இடமில்லை என்பது வெளியே சொன்ன காரணம். ஐப்பசி மாத ரோட்டில் அதை வீடு வரை ஓட்டிப் போகத் துணிவில்லை என்பது உள்ளே இருந்த காரணம். சாவி குருவின் மேஜை டிராயரில் இருந்தது.

மூன்றாம் நாள் வந்தபோது, பின்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பொன்னுரங்கம் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார். யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். மாரப்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"செய்வினை எல்லாம் இல்லீங்க. ஒரு வண்டியை முதல்முதல்ல ஓட்டறவிங்களுக்கு நான் வெக்கறது வழக்கமுங்க" என்றார் மாரப்பன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

யார் முதல்முதலாக ஓட்டியது? அன்று மாலை அவர் வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் பதினான்கு கூடியிருந்தது. சீட்டும் முன்னால் தள்ளியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் பதினாறு.

ஆக, ஊரில் உள்ளவர்களெல்லாம் பழகுவதற்குத் தன் வண்டியை இந்தப் பெண் விட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் தன்னைச் சீக்கிரம் தேற விடாமல் வைத்திருக்கிறாள். பொன்னுரங்கத்தின் காதில் விரிசல் தெளிவாகக் கேட்டது. ஐந்தாம் நாள் நேராகவே கேட்டார்.

"என்ற வண்டியை வேற யாராவது எடுக்கறாங்களா மேடம்?"

"எடுக்கறாங்க."

மறுப்பு வரும், அதை உடைக்கலாம் என்று வந்தவர் தடுமாறினார். "யாருங்க அது?"

"அவங்களே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. எடுக்க உரிமை உள்ளவங்கதான். நாளைக்குக் காலைல ஆறரைக்கு வந்து பாருங்க."

ஆறரை என்றால் ஆறரைக்கு ஏதோ ஒரு நாடகம் ஏற்பாடாகியிருக்கும். எனவே பொன்னுரங்கம் ஆறு மணிக்கே வந்தார். தன் இன்னொரு காரைத் தடத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, டயர்கள் அடுக்கி வைத்திருந்த குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தனது வண்டியைத் தானே ஒளிந்து நின்று பார்க்கிற நிலைமை வந்துவிட்டதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சிவப்பு வண்டி நனைந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குரு தரையில் நின்று கையை உயர்த்தினார். வண்டிக்குள் இருந்தவர் காலைப் பிடுங்கியிருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு தடவை ஆடியது, உடனே நேராகிவிட்டது. கருவி காப்பாற்றிவிட்டது.

வண்டி மறுபடி சுற்றியது. மறுபடி குரு கையை உயர்த்தினார். இந்த முறை பின்பக்கம் விலகியது விலகியதுதான். வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அந்தச் சுற்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். ஆனி மாதத்திலிருந்து அது அவர் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு மிருதுளா இறங்கினாள். இடது தோளை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் ஓடினார். முதல் கோபம் குருவின் மேல் பாய்ந்தது. எலும்பு முறிந்து கூடிய பெண்ணை இப்படியா சுற்ற விடுவது, பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, உங்களை முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்றெல்லாம் கொட்டினார். கொட்டி முடிக்கும் வரை குரு நின்று கேட்டார்.

"அவங்க கேட்டதைத்தான் காட்டினேன் சார்."

"என்ன கேட்டா?"

குரு மிருதுளாவைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியுங்ப்பா. அம்மாதான் தினமும் கொண்டுவந்து விடறாங்க" என்றாள் மிருதுளா. நிறுத்தாமல் தொடர்ந்தாள். "பட்டன் ஆன்ல இருக்கறப்ப காலை எடுத்தா என்ன ஆகும், ஆஃப்ல இருக்கறப்ப எடுத்தா என்ன ஆகும்னு கேட்டேன். நாலு நாளா ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணிப் பார்த்துட்டேன்."

"உனக்கு எதுக்கு கண்ணு அதெல்லாம்?"

"அன்னைக்கு வளைவுக்கு முன்னாடி, இப்பப் பாரு கண்ணுன்னு சொல்லி நீங்க அந்தப் பட்டனை அமுக்குனீங்க. நான் பார்த்தேன். அப்புறம் நீங்க கம்பெனிக்கு எழுதின லெட்டரையும் பார்த்தேன். நான்தான் தப்பாப் பார்த்துட்டனோன்னு இருந்துச்சுங்ப்பா."

ஐந்து மாதமாக ஊரில் ஒருவரையும் விடாமல் பொன்னுரங்கம் சந்தேகப்பட்டார். அதே ஐந்து மாதம், அதே வீட்டில், அப்பாவைச் சந்தேகப்பட மனமில்லாமல் இந்தப் பெண் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் பயந்தது வண்டிக்கு இல்லை.

பட்டனே பழுதாக இருந்திருக்கலாம் என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை நம்புகிற மாதிரி சொல்லவும் அவருக்குத் தெரியும். குரு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கியத்தை விழுங்கப் பொன்னுரங்கத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான்தான் கண்ணு அமுக்குனேன்" என்றார். "அந்தக் கருவி இல்லாமலே ஓட்டி உனக்குக் காட்டோணும்னு ஒரு ஆசை. பின்னாடி விலகுச்சு, பயந்துட்டேன். காலையும் நான்தான் எடுத்தேன். டயர் மேலயும் தப்பில்ல, ரோட்டு மேலயும் தப்பில்ல. உன்ற எலும்பை முறிச்சது நான்தான்."

மிருதுளா அழுதாள். ஐந்து மாதம் அழாத அழுகை. பொன்னுரங்கத்துக்கு அவளைத் தொடவும் தயக்கமாக இருந்தது. அழுது முடித்துத் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

அப்போதுதான் மழை வந்தது. நாலு நாள் ஏமாற்றிய மழை, சடசடவென்று தடம் முழுவதும் இறங்கியது. மாரப்பன் லாரிக் குழாயை மூடிவிட்டார். குரு குடையை விரித்தார்.

பொன்னுரங்கம் ஓட்டுநர் பக்கத்துக் கதவைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார்.

"மழை விட்டப்பறம் வீட்டுக்குக் கிளம்பட்டுங்களா மேடம்?"

"அவங்க இப்ப ஏறியிருக்காங்க சார்."

"பட்டன் ஆன்லதானே இருக்குது?"

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். மிருதுளா ஏறியதுமே அதை ஆன் செய்துவிட்டிருந்தாள். டயரில் காற்றை மறுபடி அளக்க வேண்டும் என்றார். குரு கருவியைக் கொடுத்தார். நான்கையும் மழையில் குந்தி உட்கார்ந்து அளந்துவிட்டு எழுந்தார். சரியாக இருந்தன.

"நாலு நாள் காய்ஞ்சு கிடந்த ரோடுங்க. முதல் தண்ணியில எண்ணெய் எல்லாம் மேல வரும்."

"வரும். மெதுவாப் போங்க."

"அப்படியும் பின்னாடி விலகுங்களா?"

"கொஞ்சம் விலகலாம்."

பொன்னுரங்கம் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். மகள் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மறுபடி நான் காலைப் பிடுங்கிட்டா?"

குரு அருகே வந்து குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"இருக்கற சந்தேகம் எல்லாத்தையும் இங்க நின்னே பட்டுடுங்க சார். எவ்வளவு நேரமானாலும் நான் குடை பிடிக்கறேன். வளைவுக்குள்ள போய்ப் புதுசா ஒண்ணு பட வேண்டாம்."