கடுவன்மலையின் அறுபது குரங்குகள்

“பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்ச கதை கேட்டிருக்கேன். இந்த மனுசன் குரங்கே பிடிக்கப் போயிருக்காரு. அதுவும் வரல.”

சன்னலுக்கு உள்ளேயிருந்து வந்தது குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெளியே படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாசிலாமணி, கழற்றியதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மடியிலிருந்த பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

டின்னுக்குள், பஞ்சில், அறுபது குரங்குகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். கையில் வேல். தலையில் சிரட்டைக் கவசம்.

*

பாளையங்கோட்டையில் ஒன்பது பேர் ஒரு போர் நடத்திவந்தார்கள்.

ஞாயிறுதோறும், ஒரு வாசகசாலையின் பின்னறையில், டேபிள் டென்னிஸ் மேசையின் மேல். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு படை. பூதங்கள், எலும்புக்கூடுகள், குதிரை வீரர்கள். அளவுகோல் வைத்து நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சாவார்கள்.

மாசிலாமணியின் நாடு கடுவன்மலை. வரைபடத்தில் உள்ளங்கை அகலம். ஒரு மலை, ஒரு ஓடை.

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளந்தவர் அவர். அவர் பேரில் இருந்த மண் அது ஒன்றுதான்.

போருக்குச் சட்டங்கள் உண்டு. நிறம் பூசாத வீரன் மேசை ஏறக் கூடாது. குறைந்தது மூன்று நிறம் வேண்டும். ஐப்பசி கடைசி ஞாயிறுக்குள் படையை மேசையில் ஏற்றாதவரின் நாடு, பக்கத்து நாட்டுக்காரருக்குப் போய்விடும்.

கடுவன்மலைக்குப் பக்கத்து நாடு தியோடருடையது. சன்னலுக்குள் கேட்ட குரலும் அவருடையதுதான்.

*

போரின் வரைபடம் எப்சிபாவின் பொறுப்பில் இருந்தது.

எப்சிபாவுக்கு முப்பது வயது. ஒன்பது பேரில் இளையவள். பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்துகொடுக்கும் சிறிய லேப் வைத்திருந்தாள். மிச்ச நேரத்தில் பூதங்கள் செய்வாள். அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஐம்பத்தாறு வயது மாசிலாமணி மறுநாள் காலையில் கம்பிச் சுருளோடு அவள் லேப் வாசலில் நின்றார்.

கம்பியை வளைத்து எலும்பாக்குவது, இரண்டு பசையைச் சேர்த்துப் பிசைவது, அது கல்லாவதற்குள் ஊசி முனையால் மூக்கும் வாயும் கீறுவது, பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைப்பது. எல்லாம் அவளிடம் கற்றார்.

கற்றுத்தருகிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

“டீச்சரம்மா.” சன்னல் சிரிப்புக்கு மறுநாள் லேப்பில் வந்து உட்கார்ந்து கூப்பிட்டார்.

“நான் பல்லு செய்யுதவ அண்ணாச்சி. டீச்சர் அடுத்த தெருவுல இருக்காங்க.”

“குரங்கு குரங்கு மாதிரி இல்லையாம்.”

“யார் சொன்னா?”

“தியோடர்.”

“உங்ககிட்டயா?”

“இல்ல. சன்னல் வழியா விழுந்துச்சு.”

எப்சிபா நிமிரவில்லை. இடுக்கியில் ஒரு பொய்ப்பல். மயிரிழைத் தூரிகையால் அதன் அடியில் காவிநிறக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அதென்ன கறை?”

“ராஜவல்லிபுரத்து அம்மா ஒருத்தங்களுக்கு. வெத்தல போடுவாங்க. மத்த பல்லெல்லாம் இப்படித்தான் இருக்கு.”

“புதுப் பல்லுதான? வெள்ளையா இருந்தா என்ன?”

அவள் பல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மாசிலாமணி நெடுநேரம் பார்த்தார்.

“புரிஞ்சிட்டு,” என்று எழுந்து போனார்.

*

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது.

யாராவது ஏதாவது சொன்னால், படையை ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு டெட்டாலை ஊற்றுவார். ஒரு நாள் ஊறினால் பெயிண்ட் இளகிவிடும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

பழுப்பு கூடிப்போச்சு என்றார் ஒருவர். ஊறப்போட்டார்.

கண்ணெல்லாம் குடிகாரன் கண் மாதிரி இருக்கு என்றார் இன்னொருவர். ஊறப்போட்டார்.

வால் எலிவாலா என்று ஒருவர் கேட்டார். கேள்விதான். அதற்கும் ஊறப்போட்டார்.

இது நாலாவது முறை.

அவர் மனைவி செண்பகக்கனி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “வீடு பூரா ஆஸ்பத்திரி வாடை. யாருக்குங்க காயம்?”

“படைக்கு. போர்னா அப்படித்தான்.”

“போரே இன்னும் நடக்கலையே.”

மாசிலாமணி அடுத்த குரங்கைத் தேய்க்க எடுத்தார்.

*

இரண்டு வாரம் கழித்து அறுபது குரங்குகளும் வாசகசாலைக்கு வந்தன. ஒவ்வொன்றின் பல்லிலும் காவிக் கறை. ராஜவல்லிபுரத்து அம்மாவின் பல்லைப் போலவே.

போருக்கு முன் படைகளை வரிசையாக நிறுத்திவைப்பது வழக்கம். யாரும் தொடக் கூடாது. லென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

தியோடர் நன்றாகப் பெயிண்ட் அடிப்பவர். அதை யாரும் மறுக்க முடியாது. அவருடைய குதிரை வீரர்களின் கவசத்தில் சன்னலின் நிழல் தெரியும், அவ்வளவு பளபளப்பு. அவர் குனிந்தார். லென்ஸை முதல் குரங்கிலிருந்து கடைசிக் குரங்கு வரை மெதுவாக ஓட்டினார்.

“அண்ணாச்சி, இவங்க போருக்கு வந்திருக்காங்களா, வெத்தல பாக்கு மாத்த வந்திருக்காங்களா?”

அறை சிரித்தது. மாசிலாமணியும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னுக்குள் போட்டார்.

“இன்னைக்கு வேண்டாம். கொஞ்சம் சரி பண்ணிட்டு வாரேன்.”

மூலையில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த எப்சிபா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

*

ஐப்பசி கடைசி வியாழக்கிழமை. மாசிலாமணி டின்னை லேப் மேசையில் வைத்துத் திறந்தார். குரங்குகள் நிறமில்லாமல், பசையின் சாம்பல் பச்சையில் கிடந்தன.

“முகத்தக் காணோம்,” என்றார்.

ஐந்து முறை தேய்த்ததில் மூக்குகள் போயிருந்தன. பலவற்றுக்கு வாயும் இல்லை. அவர் ஊசி முனையால் ஒரு மழைக்காலம் முழுக்கக் கீறிய புருவங்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“ஞாயித்துக்கிழம கடைசி,” என்றாள் எப்சிபா.

“தெரியும்.”

“படை ஏறலன்னா கடுவன்மலைய அழிச்சிட்டுத் தியோடர் பேர எழுதணும். நாந்தான் எழுதணும்.”

“எழுதிருவியளா?”

“எழுதிருவேன்.”

“நீங்கதான எனக்கு…”

“எழுதிருவேன் அண்ணாச்சி.”

அவள் ஒரு குரங்கை எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

“இத யாரு செஞ்சா?”

“நான்.”

“பெயிண்ட் அடிச்சது?”

“நாந்தான்.”

“அழிச்சது?”

“தியோடர்! அவரு சொல்லப்போயித்தான…”

“உங்க வீட்டுக்கு வந்தாரா?”

“இல்ல.”

“பாட்டிலத் தொறந்தாரா?”

“அதெப்படி…”

“பிரஷ்ஷப் பிடிச்சது எந்தக் கை?”

மாசிலாமணி தன் வலது கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் காவி இருந்தது.

“நல்ல தளபதி,” என்றாள் எப்சிபா.

“யாரு?”

“தியோடர். ஒரு பகடை உருட்டல. இருந்த இடத்த விட்டு எந்திரிக்கல. அறுபது பேர ரெண்டு தடவ கொன்னுட்டாரு.”

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. “நீங்களும் கேலி பண்ணுதியளா?”

“இல்ல.”

“அப்ப வழி சொல்லுங்க. மூணு நாளுல அறுபது முகத்துக்கு நான் எங்க போவேன்?”

எப்சிபா குரங்கை மேசையில் வைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டியபடி வைத்தாள்.

பிறகு சாணைக்கல்லை ஓடவிட்டு, ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்க்கத் தொடங்கினாள். அந்தச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது.

மாசிலாமணி குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவர் புரிந்தது என்று சொல்லவில்லை.

*

வெள்ளி, சனி இரண்டு நாளும் மழை. பெயிண்ட் காய மறுத்தது. செண்பகக்கனி குரங்குகளைச் சுளகில் பரப்பிக் காத்தாடிக்கு அடியில் வைத்தாள். ஒன்றைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மாசிலாமணி தலை நிமிராமல் அடுத்ததை எடுத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். வரைபடம் சுவரில் தொங்கியது. எப்சிபா அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அழிரப்பர்.

மேசையில் தியோடரின் குதிரைகள் ஏற்கெனவே கடுவன்மலையைப் பார்த்து நின்றன.

மாசிலாமணி உள்ளே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பத்துப் பத்தாக, ஆறு வரிசை.

உடம்பு பழுப்பு. வயிறு சாம்பல். வால் கறுப்பு. கண் இல்லை, பல் இல்லை. முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்பு.

தியோடர் லென்ஸோடு குனிந்தார்.

“அண்ணாச்சி, மூஞ்சி எங்க?”

“தேஞ்சிட்டு.”

“மூஞ்சி இல்லாத படையா? எதிரி யாரப் பாத்துப் பயப்படுவான்?” அவர் திரும்பினார். “எப்சிபா, இது கணக்குல வருமா?”

“மூணு நிறம் இருக்கா?”

“இருக்கு.”

“வரும்.”

“வரட்டும், வரட்டும்.” தியோடர் மாசிலாமணியின் தோளில் கை வைத்தார். குரலில் இப்போது கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. “ஆனா நல்லதுக்குச் சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. உங்க கைக்கு இது வேல இல்ல அண்ணாச்சி. மலைய இன்னைக்கு எங்கிட்ட விட்டுருங்க. எல்லாத்தையும் நல்லா ஒருதடவ அழிச்சிட்டு, சித்திரையில புதுசா…”

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். எப்சிபா மட்டும் பார்க்கவில்லை.

அவர் தோளைக் குலுக்கித் தியோடரின் கையை விலக்கினார். முன்வரிசையின் முதல் குரங்கை இரண்டு விரலால் அடியில் பிடித்தார். திருப்பி வைத்தார்.

வாலுக்குக் கீழே சிவப்பு.

வெறும் சிவப்பு இல்லை. ஓரத்தில் கருஞ்சிவப்பு, உள்ளே வர வர இளஞ்சிவப்பு, மேடான இடத்தில் பனித்துளி போல ஒரு வெள்ளைப் புள்ளி. தியோடரின் எந்தக் கவசமும் அப்படி மின்னியதில்லை.

இரண்டாவதைத் திருப்பினார். அது வேறு சிவப்பு.

மூன்றாவதைத் திருப்பினார்.

“அண்ணாச்சி,” தியோடரின் குரல் இறங்கியிருந்தது. “முதுகு காட்டி நின்னா அடி ரெண்டு மடங்கு விழும். சட்டம் தெரியும்ல?”

“தெரியும்.”

நாலாவதைத் திருப்பினார். ஐந்தாவதை. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பியபின், எதிரே நிற்கும் குதிரைக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நிலம் அளந்த கண். அரை நூல் விலகியிருந்தாலும் சரிசெய்தார்.

யாரோ இருமினார்கள். தியோடரின் லென்ஸ் எடுத்த உயரத்திலேயே நின்றது.

பத்து. இருபது. முப்பத்தேழு.

வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. யாரும் சன்னலைச் சாத்த எழவில்லை.

அறுபதாவதையும் திருப்பி வைத்துவிட்டு, மாசிலாமணி பகடையை உருட்டினார்.