போர்டில் இருந்த பெயர்

“திருடன் வெளியே இல்லை, டீச்சர். உள்ளேதான் இருக்கான்,” என்றார் சிவசைலம்.

வான்மதி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உக்காருங்ணா.”

அவர் உட்காரவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு, சரியாகத்தான் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

சிவசைலத்துக்கு நாற்பத்தாறு வயது. பாதி ஆயுளைப் பிஎச்பி என்ற பழைய கணினி மொழியில் ஓட்டிவிட்டு, இனி ஜாவா மொழி இல்லாமல் பிழைப்பில்லை என்று தெரிந்ததும் இந்தக் கோயம்புத்தூர் அலுவலகத்தில் வந்து சேர்ந்தவர். கற்றுக்கொடுக்க வாய்த்த வான்மதி அவரைவிட ரொம்பவே இளையவள். முதல் வாரம் கிண்டலுக்குத்தான் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். போகப் போகக் கிண்டல் உதிர்ந்துவிட்டது. ‘டீச்சர்’ மட்டும் நிலைத்துவிட்டது.

“விஷயம் தெரியும்தானே? ஒரு அம்மா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்க்க, லேபுக்காக நாம செஞ்சு கொடுத்த சைட்டைத் திறந்திருக்காங்க. அவங்களுக்கு சுகர். வந்தது யாரோ ஒரு பையனோட ரிப்போர்ட். மஞ்சள் காமாலை. அந்தம்மா அழுதுக்கிட்டே லேபுக்கு ஓடியிருக்காங்க.”

“கேள்விப்பட்டேங்ணா.”

“அந்தம்மா ஒருத்தர் மட்டும் இல்ல. இன்னும் சில பேருக்கு இப்படி. யாரோ உள்ளே புகுந்து ரிப்போர்ட்டை மாத்தி மாத்திப் போடறான். டேட்டாபேஸ் யார் பொறுப்புல இருக்கு?”

“மகுடபதி.”

“பாருங்க, நான் பேரைச் சொல்லவே இல்லை. நீங்களே சொல்லிட்டீங்க.”

வான்மதி இப்போதுதான் திரும்பினாள்.

“எம்.டி. என்னைத்தான் விசாரிக்கச் சொன்னார். இப்போ கூப்பிடுவார்,” என்றார் சிவசைலம். “ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே வெளியே அனுப்பிடறேன்னு சொல்லியிருக்கார். சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க காதுல போட்டுடலாம்னு வந்தேன்.”

“அவனுக்குப் போன மாசம்தாங்ணா குழந்தை பிறந்துச்சு.”

“அதான் சொல்றேன். செலவு இருக்கும்ல? யாராவது காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருப்பாங்க.”

கண்ணாடிக்கு வெளியே மகுடபதி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் எதையோ மூடினான். இவர் பார்த்த நேரம் பார்த்து ஏன் மூடினான்?

“ஒருத்தர் ரிப்போர்ட் கேக்கறார்,” என்றாள் வான்மதி. “சர்வருக்குள்ள என்ன நடக்குது? சொல்லுங்க.”

பேச்சை மாற்றுகிறாள் என்று பட்டது அவருக்கு. ஆனாலும் பாடம் ஒப்பிக்கும் பழக்கம் விடவில்லை.

“வாசல்ல கேள்வியை வாங்குவாங்க. எந்தப் பக்கம் வேணும்னு பார்த்து, அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான ஆப்ஜெக்ட்கிட்ட, அதாவது புரோகிராமுக்குள்ள அந்த வேலையைப் பார்க்கிற துண்டுகிட்ட, அனுப்புவாங்க. அது ரிப்போர்ட்டை எடுத்து, வெத்துப் பக்கத்துல நிரப்பி, கேட்டவருக்குத் திருப்பி அனுப்பும்.”

“அந்த ஆப்ஜெக்ட் எத்தனைங்ணா?”

“கேக்கற ஆளுக்கு ஒண்ணு. ஆள் போனதும் அதுவும் அழிஞ்சிடும்.”

“அது உங்க பழைய பிஎச்பி ஊர் வழக்கம். இங்கே எல்லாருக்கும் ஒண்ணேதான். காலையில பிறந்தா, சர்வர் நிக்கிற வரைக்கும் இருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும். அதுக்கும் இவன் திருட்டுக்கும் என்ன?”

வான்மதி எழுந்தாள். சுவரிலிருந்த வெள்ளைப் போர்டைத் துடைத்தாள். இரண்டு தாள்களை எடுத்து ஒன்றில் ‘கமலாத்தாள்’ என்றும் மற்றதில் ‘விக்னேஷ்’ என்றும் எழுதி மேசைமேல் வைத்தாள்.

“இந்தப் போர்டுதான் அந்த ஒத்தை ஆப்ஜெக்ட். இந்தத் தாளெல்லாம் ரிப்போர்ட். நீங்க ஒரு கேள்வியைச் சுமந்துட்டு ஓடற ஆள். உள்ள எழுதியிருக்கிறது இவ்வளவுதான்: கேக்கறவர் பேரைப் போர்டுல எழுதணும். கதவு வரைக்கும் போய், பாஸ்வேர்டு சரியான்னு பார்த்துட்டு வரணும். வந்து, போர்டுல இருக்கிற பேருக்குத் தாளை எடுத்துக் கொடுக்கணும். சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது.”

“இத்தனை வருஷ சர்வீஸ்ல அது ஒண்ணுதான் சுலபம்,” என்றார்.

கமலாத்தாள் என்று எழுதினார். கதவைத் தொட்டுவிட்டு வந்தார். போர்டைப் பார்த்தார். கமலாத்தாள் தாளை எடுத்துக் கொடுத்தார்.

“சரிங்களா?”

“சரியாத்தானே வருது?”

“இன்னொரு தடவை.”

மறுபடி எழுதினார், நடந்தார், கொடுத்தார். மறுபடியும் சரி. எத்தனை முறை செய்தாலும் சரிதான் வரும் என்று சிவசைலத்துக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் இவள் எதற்கு நேரத்தைக் கடத்துகிறாள்?

கதவு திறந்தது. மகுடபதி தலையை நீட்டினான்.

“என்னங்ணா, உள்ள வாக்கிங்கா? காபி சொல்லட்டுங்களா?”

“இப்போ எதுக்குத் திடீர்னு காபி?”

“தாகமா இருப்பீங்கன்னு...”

“எனக்குத் தாகம்னு உனக்கு யார் சொன்னா?”

மகுடபதி வான்மதியைப் பார்த்தான். அவள் தலையை லேசாக ஆட்டினாள். கதவு மூடியது.

“பார்த்தீங்களா, வேவு பார்க்கறான்,” என்றார் சிவசைலம்.

“இன்னும் ஒரே தடவைங்ணா. கமலாத்தாள்.”

எழுதினார். கதவுக்குப் போனார். தொட்டார். திரும்பி வந்தார். போர்டைப் பார்த்தார். விக்னேஷ் என்றிருந்தது.

கை தானாக விக்னேஷ் தாளை எடுத்தது. எடுத்த பிறகுதான் கையைப் பார்த்தார்.

“யார் அழிச்சது?”

“நான்தான்.”

“ஏன் அழிச்சீங்க? நான் பாதி வழியில இருக்கேன்!”

“விக்னேஷ் ரிப்போர்ட் கேட்டாரு. அவருக்காக ஓட வேண்டிய ஆள் நான். எனக்கும் அதே உத்தரவுதாங்ணா. பேரைப் போர்டுல எழுதணும். ஏற்கெனவே ஒரு பேர் இருந்தா என்ன பண்ணணும்னு யாரும் எழுதி வைக்கலை.”

சிவசைலம் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மா அழுதுகொண்டே ஓடியது கண்ணுக்குத் தெரிந்தது. அவளிடம் அந்தத் தாளைக் கொடுத்த கையும் தெரிந்தது. அந்தக் கையில் திருட்டு எதுவும் இல்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் நாற்காலியை விட்டு எழுந்திருக்குமா?

“பேரைப் போர்டுல எழுதச் சொல்லி எழுதினது யாரு? அவரவர் கையிலேயே வச்சுக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே. மகுடபதிதானே எழுதினான்?”

“நான் எழுதினது.”

அவர் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வேலைக்குச் சேர்ந்த புதுசுல. அப்போ லேப் ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் பார்த்து முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அடுத்தவர் வருவார். இப்போ ஊருக்கு ஊர் கிளை. ஒரே நொடியில ரெண்டு பேர் வர்றாங்க. இன்னிக்குக் காலையில பழைய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். என் வரிதான். எம்.டி.கிட்டேயும் நானே சொல்லிக்கறேன்.”

அவள் சொன்ன விதத்தில் ஒளிவு எதுவும் இல்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. ஆனாலும் போர்டில் நடந்ததைத் தன் காலால் நடந்து பார்த்தாயிற்று. மறுக்க வழியில்லை.

“சரி. ரிப்போர்ட் மாறினது அவனால இல்லை. ஒத்துக்கறேன்,” என்றார். “ஆனா பேரை நான் சொல்லத்தான் போறேன். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு அவன் செய்வான்.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“உங்களுக்கு அவனைத் தெரியாது, டீச்சர். எனக்குத் தெரியும். பக்கத்துல போனா திரையை மூடுவான். கேக்காமலே காபி வாங்கித் தருவான்.”

“சரி.”

“தோள்ல கை போட்டு அண்ணா அண்ணாம்பான். ஒருநாள் பார்த்தா க்ளையன்ட் விவரம் மொத்தமும் அவன் பென்டிரைவ்ல இருக்கும். மாட்டிக்கிட்டா, சைலம்தான் எடுக்கச் சொன்னாருன்னு கூசாம என் தலையில கட்டிடுவான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ஆபீஸே வேடிக்கை பார்க்குது. செக்யூரிட்டி என் கையைப் பிடிச்சுப் படிக்கட்டுல இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போறான். மேலே கைப்பிடியில சாய்ஞ்சு நின்னுக்கிட்டு, அவன் முகத்துல அப்பவும் அதே சிரிப்பு...”

“எந்தப் படிக்கட்டுங்ணா?”

சிவசைலம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இந்த அலுவலகத்துக்குத் தரைத்தளம் மட்டும்தான்.

வெளியே மகுடபதி கைபேசியை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். குழந்தை படமாக இருக்க வேண்டும். இந்தக் கண்ணாடி வழியே எத்தனையோ முறை பார்த்த முகம்தான். மூக்கின் ஓரம் ஒரு மச்சம் இருந்ததை அவர் இன்றுதான் பார்த்தார்.

“பெங்களூர். என் பழைய ஆபீஸ். படிக்கட்டு அங்கேதான்,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“மகுடபதி அங்கே இருந்தானுங்களா?”

சிவசைலத்தின் கைபேசி அடித்தது. எம்.டி.

சிவசைலம் எடுக்கத் தயங்கினார். வான்மதி எடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கடைசியில் எடுத்தார்.

“என்ன சைலம், ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?”

“ஆள் இல்ல சார். பிழை.”

“பிழையா? ஒண்ணா, நிறையவா?”

“ரெண்டு சார். ஒண்ணை டீச்சர் சரிபண்ணிட்டிருக்காங்க. அவங்களே உங்ககிட்ட பேசுவாங்க.”

“இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட சார்,” என்றார். “கொஞ்சம் பழசு. சரியாக நாளாகும்.”