உறங்கும் நத்தையின் பெயர்

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே கிடந்தது தேரி என்னும் அந்தச் செம்மணல் மேடு. கோடை முழுக்க அங்கே நத்தைகள் முள் அடர்ந்த உடைமரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயை மூடி உறங்கும். மழை விழுந்தால்தான் கண் விழிக்கும்.

அவற்றை ஆராய்ந்துவந்தவர் பியூலா. நாற்பதைத் தொடாத வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த சுடலைமணியோ, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'சார்' என்பார்.

தேரியில் இரண்டு வகை நத்தை இருக்கலாம் என்று பேச்சு. ஒன்று எங்கும் கிடைப்பது. மற்றது தேரி மண்ணைத் தவிர வேறெங்கும் பிழைக்காதது. ஓட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

அந்த வருடம் மேட்டைச் சமன் செய்து காற்றாலை நிறுத்த ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. அரிய நத்தை வாழும் இடமென்றால் அனுமதி கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர் பியூலா. மேடு பிழைக்க வேண்டும் என்று அவரைப்போல் ஆசைப்பட்டவர் யாருமில்லை. சுடலைமணிக்கு அது தெரியும்.

மணலில் பொறுக்கிய வெற்று ஓடுகளை மேசையில் கொட்டினார் சுடலைமணி.

"மேடம், மேட்டுல பெரும்பாலும் தேரி நத்தைதான். பாத்தாலே தெரியுதே. எழுதிக் கொடுத்துருவோமே?"

"எங்கே, பிரிச்சுக் காட்டுங்க சார்."

அவர் மளமளவென்று பிரித்தார். இந்தப் பக்கம் ஊர் நத்தை, அந்தப் பக்கம் தேரி நத்தை. தேரி நத்தைக் குவியல்தான் பெரிது.

"டீ குடிச்சுட்டு வாங்க" என்றார் பியூலா.

திரும்பி வந்தபோது ஓடுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"இன்னொரு தடவை பிரிங்க சார்."

பிரித்தார். பியூலா தேரி நத்தைக் குவியலை ஒவ்வொன்றாகத் திருப்பிவைத்தார். சிலவற்றின் அடியில் பென்சில் புள்ளி இருந்தது. பலவற்றில் இல்லை.

"முதல்ல நீங்க தேரி நத்தைன்னு சொன்னதுலதான் புள்ளி வச்சேன்."

சுடலைமணிக்குக் காது சுட்டது. ஓடுகளை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "நீங்க பிரிச்சா?"

"எனக்கும் இப்படித்தான் வரும். ஓட்டுல தெரியாது சார். உடம்பு வெளியே வரணும்."

"அப்போ ரெண்டு கிளையில தண்ணி தெளிச்சு எழுப்பிப் பாப்போமே?"

"இந்த வெயில்ல எழுப்பினா திரும்ப உறங்கத் தெம்பு இருக்காது. செத்துரும்."

மறுநாள், அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி வந்தார். நல்ல மனிதர். "மேடம், இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. நான் நிறுத்திருதேன்" என்றார்.

"தெரியலை சார். மழை வரட்டும்."

"மழைக்கு முன்னாடி கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனா?"

"அப்பவும் இதைத்தான் சொல்லுவேன்."

வாசலில் நின்ற சுடலைமணிக்கு மேடு கைவிட்டுப் போகிறதே என்றிருந்தது. அதே சமயம், இப்படி ஒருவரிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நெஞ்சு நிமிரவும் செய்தது.

அதிகாரி எப்படியோ மழை வரை தள்ளிப்போட்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. இருவரும் நனைந்தபடி தேரியில் ஏறினார்கள். கிளைகளில் நத்தைகள் ஒவ்வொன்றாய் உடம்பை நீட்டின. வெளுத்த உடம்பு ஊர் நத்தைக்கு. முதுகில் கரிய கோடு தேரி நத்தைக்கு. மேற்குச் சரிவு முழுக்க வெளுத்ததுதான். கிழக்கே, கடலைப் பார்த்த பள்ளத்தில் முதல் கரிய கோட்டைக் கண்டதும் பியூலா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். மழை அவர் முகத்தில் வழிந்தது. சுடலைமணி குடையை அவர் தலைக்குப் பிடிக்கவில்லை; நத்தைமேல் விழும் மழையை மறைக்காதபடி தள்ளிப் பிடித்தார்.

கிழக்குப் பள்ளம் காப்பாற்றப்பட்டது. மேற்குச் சரிவு போயிற்று. தை மாதத்தில் இயந்திரங்கள் வந்து உடைமரங்களைப் பெயர்த்தன. இருவரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு ஒரு வரி எழுதியிருந்தா முழு மேடும் நின்னுருக்கும், மேடம்."

"நின்னுருக்கும் சார்."

"உங்களை யாரு கேட்டிருப்பா?"

பியூலா கிழக்குப் பள்ளத்தைப் பார்த்தார்.

"பாக்காமலே எழுதியிருந்தா, அங்கே அந்தக் கரிய கோட்டைப் பாத்தப்போ, என் கண்ணை நானே நம்பியிருக்க மாட்டேன் சார்."