முன்னிருக்கையில் ஒருவர்

“மாஸ்டர், படகு முன்பக்கமா அமுங்குது” என்றான் மருதவாணன்.

பிலோமினா அவனைவிட இளையவள். காயல் கரையில் கயாக் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவன் அவளை மாஸ்டர் என்பான்; அவள் அவனை அண்ணே என்பாள். தண்ணீரில் யார் சொல் நடக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

அது இருவர் அமரும் கயாக். காயலின் நடுவே உள்ள மணல்தீவில் ஓர் இரவு தங்குவதற்காக டென்ட், போர்வை, ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் அவன் பின்பக்கத்தில் அடைத்திருந்தான். முன்னால் ஒன்றுமே இல்லை. முன்னிருக்கையும் காலி.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த படகைச் சுற்றி வந்தாள்.

“பின்னால பாரத்தை ஏத்தி முன்னால இருக்கிறவரைத் தூக்கப் பாக்குறீங்களா, அண்ணே?”

அவன் சிரிக்கவில்லை.

போன வருடம் அதே தீவிலிருந்து திரும்பும்போது, காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மருதவாணன் சாமான் கட்டுவதில் கெட்டிக்காரன். ஒன்றுகூடத் தொலையவில்லை. வெயில் என்று முன்னிருக்கையில் இருந்த நண்பன் அன்வர்தீன் கழற்றிப் போட்ட லைஃப் ஜாக்கெட்டைக்கூட மூட்டையோடு மூட்டையாகக் கட்டியிருந்தான். அதுவும் பத்திரமாகக் கிடைத்தது.

அன்வர்தீன் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அவன் தனியாகப் படகை இறக்கும்போதெல்லாம் அதன் மூக்கு தண்ணீரில் குத்தும். அவன் உடனே கரையேறிவிடுவான். முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் நண்பனைத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒருமுறையாவது தனியாகத் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் இனி தண்ணீர்ப் பக்கமே வர முடியாது என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

“எல்லாத்தையும் இறக்குங்க.”

இறக்கினான்.

காற்று இல்லை. தண்ணீர் அசையவில்லை. வெறும் படகு. அப்போதும் முன்பக்கம் அமுங்கியே இருந்தது.

அலையாத்தி மரங்களில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் படகையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அவருக்கு என்ன எடுத்து வச்சீங்க?”

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. “ஒண்ணும் இல்ல, மாஸ்டர்.”

“சாப்பாடு?”

“இல்ல.”

“துடுப்பு?”

இல்லை என்று தலையை ஆட்டினான்.

“கூட வர்றவரை வெறுங்கையோட உக்கார வச்சா என்ன பண்ணுவார்? குனிஞ்சு தண்ணியைத்தான் பாத்துக்கிட்டிருப்பார்.”

பிறகு அவளே அடுக்கத் தொடங்கினாள். கனமானவை நடுவில், லேசானவை இரண்டு முனைகளிலும். தன் கொட்டகைக்குப் போய் இன்னொரு தட்டு, இன்னொரு போர்வை, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்து அவற்றோடு சேர்த்தாள். முன்னிருக்கையின் குறுக்கே ஒரு துடுப்பை வைத்தாள்.

கடைசியாக அந்த இருக்கையில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஓரளவுக்கு மேல் அது இறுகவில்லை. ஜாக்கெட்டுக்கும் இருக்கையின் முதுகுக்கும் நடுவே ஓர் ஆள் கனத்துக்கு இடம் இருந்தது.

அவள் மீண்டும் இழுத்துப் பார்க்கவில்லை. கொக்கியை மாட்டினாள்.

படகின் மூக்கு மெல்ல எழும்பியது. மட்டத்துக்கு வந்து நின்றது.

மருதவாணன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான். எதிரே அந்த ஜாக்கெட்டின் முதுகு. துடுப்பைக் கையில் எடுத்தான், இறங்கவில்லை.

அவள் படகின் பின்முனையைப் பிடித்தாள்.

“மாஸ்டர்” என்றான், திரும்பிப் பார்க்காமல். “நாளைக்கு வரும்போதும் முன்னால அமுங்கியே இருந்தா?”

பிலோமினா படகைத் தள்ளிவிட்டாள்.

“பின்னால துடுப்பு போடுறது யாரு, முன்னால உக்காந்திருக்கிறது நீங்களான்னு பாப்பேன்.”