மயில்மீன் துள்ளும்போது

தூத்துக்குடியில் தூண்டில் படகு ஓட்டும் பிரகாசிக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். அவளிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த வீரபாகுவோ ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். ஆனாலும் அவளை "ஆசானே" என்றுதான் கூப்பிடுவார். அந்த மட்டில் மனுஷர் பரவாயில்லை.

அவருடைய ஆசையெல்லாம் மயில்மீன் மேல்தான். ஒன்றையாவது படகோரம் கொண்டுவந்து, தொட்டுப் பார்த்து, திரும்பக் கடலிலேயே விட வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. மாட்டிய மீன் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது, பிடித்திருப்பவர் தூண்டில் ராடை முன்னால் நீட்டிக் குனிந்து நூலைத் தளரவிட வேண்டும். வீரபாகுவா குனிவார்? மீன் துள்ளினால் அவரும் நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் இழுப்பார். நூல் அறுந்துவிடும்.

அன்று காலையும் அறுந்தது. அவரோடு வந்திருந்த இருவர், ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஏட்டுகள், மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"குனியலைன்னா என்ன ஆசானே? கையில பலம் இருந்தாப் போதாதா?"

பிரகாசி ஒரு துண்டு நூலை வெட்டி, இரு முனையையும் ஏட்டுகளிடம் கொடுத்தாள்.

"விறைப்பா இழுத்துப் பிடிங்க."

கத்தியால் லேசாகத் தொட்டாள். பட்டென்று அறுந்தது.

இன்னொரு துண்டைக் கொடுத்தாள். "இதத் தளர்வாத் தொங்க விடுங்க."

அதே கத்தியால் தட்டினாள். நூல் கத்தியோடு கொஞ்சம் போய், நழுவித் திரும்பியது.

"புரியுது ஆசானே. ஆனா..." வீரபாகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு சல்யூட் அடிச்ச பயலுவ முன்னாடி எப்படி?"

"இரைக்கு உசுரோட ஒரு சாளைதான் மிச்சம் இருக்கு சார். போடவா, கரைக்குத் திரும்பவா?"

"போடுங்க."

சாளை தண்ணீரில் விழுந்த கொஞ்ச நேரத்தில் ரீல் அலறியது. தூரத்தில் மயில்மீன் எழும்பியது. முதுகு விசிறியை விரித்துக்கொண்டு, நீலமாக, ஆள் உயரத்துக்கு!

வீரபாகுவின் தோள் பழக்கத்தில் விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நூல் தாங்கியது.

மீன் மறுபடி துள்ளியது. மறுபடி குனிந்தார். பிறகு பல்லைக் கடிக்கவும் மறந்துபோனார். தொப்பி கடலில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கடைசியில் மீன் படகோரம் வந்தது. பிரகாசி அதன் நீண்ட அலகைப் பிடித்துக்கொள்ள, வீரபாகு ஈரமான முதுகைத் தடவினார். தூண்டில் முள்ளைக் கழற்றியதும் அது வாலை ஒரு வீசு வீசி ஆழத்துக்குப் போனது.

"பிடிச்சிட்டோம்ல!" என்று கத்தினார். ஏட்டுகள் விசிலடித்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு சந்தோஷம்.

படகு கரைக்குத் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. பிரகாசியின் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"நான் அத்தன தடவ குனிஞ்சத இவனுவ பாத்துட்டானுவளே, ஆசானே?"

"அத யாரு சார் பாத்தா?" என்றாள் பிரகாசி. "எல்லாரும் மீனைத்தான பாத்துக்கிட்டிருந்தோம்."