வளைஞ்ச கதவு

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில செசிலி டீச்சரோட ஸ்டுடியோ. போட்டோவும் எடுப்பாங்க, போட்டோஷாப்பும் சொல்லிக்குடுப்பாங்க. டீச்சருக்கு இருபத்தொம்பது வயசு. சீடன் சின்னமாயனுக்கு முப்பத்தெட்டு. அதனால குரு சீடனை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க.

டீச்சர் எதைச் சொன்னாலும் சின்னமாயன் நோட்டுல எழுதிக்குவாரு. அன்னிக்கு நோட்டு இல்லாம வந்தாரு. தலையில தொப்பி.

"டீச்சர், ஒரு சந்தேகம். வழுக்கையில முடி வரவைக்க எந்த டூலு?"

"குளோன் ஸ்டாம்ப். போன மாசமே சொன்னேனே."

"அது போட்டோவுல. நான் கேக்குறது நேர்ல."

டீச்சர் மவுஸை விட்டுட்டுத் திரும்பினாங்க.

விஷயம் இதுதான். கல்யாணத் தரகருக்குக் குடுக்க வேண்டிய போட்டோவை சின்னமாயன் தானே எடிட் பண்ணிட்டாரு. காதோர முடியைக் காப்பி எடுத்து நடு மண்டையில நட்டாரு. நெறத்தைக் கூட்டினாரு. தொப்பையை உள்ள தள்ளினாரு. டீச்சர்கிட்டயே பிரிண்ட் போட்டு வாங்கித் தரகர்கிட்ட குடுத்தாரு. உசிலம்பட்டியில ஒரு வீட்டுக்கு அது புடிச்சுப்போச்சு. இருபத்திமூணு எடம் வேணாம்னு சொன்னதுக்கப்புறம், வாங்கன்னு சொன்ன மொத வீடு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போகணும்.

"தொப்பியோடயே போயிரவா?"

"பொண்ணு வீட்டுல தொப்பி போட்டுக்கிட்டு கேசரி சாப்பிடுவீங்களா?"

"அப்ப காய்ச்சல்னு சொல்லிருவோம்."

"எத்தனை ஞாயித்துக்கிழமைக்கு?"

சின்னமாயன் விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு.

"பொண்ணு போட்டோ இருக்கா?"

போன்ல இருந்துச்சு. டீச்சர் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. பச்சைப் பட்டு, சின்ன இடுப்பு, பின்னால ஒரு கதவு.

"எப்படிண்ணே இருக்கு?"

"லட்சணமா இருக்காங்க டீச்சர்."

"பொண்ணை விடுங்க. பின்னால பாருங்க."

படத்தைப் பெருசாக்கினாங்க. சின்னமாயன் கண்ணாடியைத் தொடச்சு மாட்டினாரு. இடுப்புக்கு நேரா கதவு நெலை மட்டும் உள்பக்கமா வளைஞ்சு, கீழ போனதும் நேராயிருச்சு.

"டீச்சர்... இது மர நெலையாச்சே."

"ம்."

"மரம் இப்படி வளையாதே."

"லிக்விஃபை. பிரஷ்ஷைப் பெருசா வச்சு இடுப்பை இழுத்தா பின்னால இருக்கறதும் கூடவே வரும். உங்க நோட்டுல பதினாலாவது பாயிண்டு."

சின்னமாயனுக்குக் கோவம் வந்துருச்சு. "இது ஏமாத்து வேலை இல்லையா?"

டீச்சர் அவரு தொப்பியைப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அவரு அதைக் கொஞ்சம் கீழ இழுத்துவிட்டுக்கிட்டாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு, "என் போட்டோவுல ஏதாச்சும் வளைஞ்சிருந்துச்சா?"

"உங்களுக்குப் பின்னால தொங்கின மாசக் காலண்டர். உங்க வயிறு கொறைஞ்சு அதுல வெள்ளிக்கிழமைக்குத் தொப்பை போட்டிருச்சு."

"ஐயையோ! அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

"அவங்களும் பாத்திருப்பாங்களா?"

"படத்துல உங்க பக்கத்துலயே பெருசாத்தானே தெரியுது."

சின்னமாயன் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. "இப்ப நான் என்னதான் செய்ய?"

"தொப்பியை இங்க வச்சுட்டுப் போங்க. அந்தக் கதவு நேரா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

திங்கக்கிழமை சின்னமாயன் வெறுந்தலையோட வந்தாரு. தொப்பி மேசையிலயே இருந்துச்சு. அதை அவரு எடுக்கல.

"கதவு எப்படிண்ணே?"

"நேரா இருந்துச்சு டீச்சர். பொண்ணுதான் கொஞ்சம் பூசினாப்புல இருந்தாங்க. நான் கதவையே பாத்துக்கிட்டிருந்ததைப் பாத்துட்டாங்க."

"ஒண்ணும் சொல்லலையா?"

"காபி குடுக்கும்போது கேட்டாங்க. வெள்ளிக்கிழமை இப்ப எளைச்சிருச்சான்னு."